அணைக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா?



ஆடி மாதம் பிறந்ததும் சேலம் மாவட்டத்துக் கிராமங்களில் மேட்டூர்ப் பேச்சு வந்துவிடும். ஆடி பதினெட்டு அன்று அணை முனியப்பனைக் கும்பிட்டு, காவிரியில் தலை முழுகி, புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு, பூங்காவில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாய வீடு திரும்புவது இங்கே வழக்கம். ஆடி என்று இல்லை. பொங்கல் விடுமுறையிலும், பள்ளிக்கூடம் விட்ட கோடையிலும் பஸ் ஏறிப் போகிற குடும்பங்கள் உண்டு.

போகலாமா என்று எங்களைக் கேட்டால், அவசியம் போங்கள் என்றுதான் சொல்வோம். ஒரு கிராமத்தில் தாய்மார் கூட்டம் நடந்தபோது, "நீங்களும் வீட்டுக்காரரும் கடைசியாகச் சேர்ந்து வெளியே போனது எப்போது? கல்யாண வீடு, எழவு வீடு கணக்கில் வராது" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு அம்மாள், "போன வருசம் குழந்தைக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போனோமுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேரிடம் அந்தப் பதில்கூட இல்லை.

கணவன் மனைவி சேர்ந்து ஒரு நாள் வெளியே போய் வருவதைப் பணக்காரர் விஷயம் என்று நினைக்க வேண்டாம். காடு, கழனி, மாடு, மாமியார், கடன் எல்லாவற்றையும் ஒரு பகல் மறந்து நாலு வார்த்தை பேச இடம் வேண்டும். வீட்டில் அந்த இடம் பல பேருக்குக் கிடையாது.

ஆனால் ஒன்று. இந்தப் பயணம் பாதி வீடுகளில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். விடிந்தால் ஊருக்குப் போக வேண்டும் என்று அம்மா மூன்று மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டுகிறாள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், குழந்தைக்குத் தனியாகப் பருப்புச்சோறு. பிறகு பிள்ளைகளைக் குளிப்பாட்டி, துணி மூட்டை கட்டி, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக பஸ்ஸில் ஏறுகிறாள். அங்கே போனால் பரிமாறுவதும் எச்சில் எடுப்பதும் அவள்தான். வீட்டு வேலையையே தூக்குப்போசியில் போட்டு மேட்டூருக்குக் கொண்டுபோனதுபோல் ஆகிவிடுகிறது. கணவன்மார்களே, ஒரு கை கொடுங்கள். இரண்டு வகைச் சோறு போதும். மூன்றாவது வகை வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சின்னப் பிள்ளையை நீங்கள் தூக்கிக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்டு, அலுத்துப்போய்த் தண்ணீர்க்கரைக்கு வந்து சேர்கிற தாயால் பிள்ளையை எப்படிக் கவனிக்க முடியும்? இந்த ஏட்டில் முக்கியமாகச் சொல்ல வந்ததும் அந்தக் கவனத்தைப் பற்றித்தான்.

அதற்கு முன், அணையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல நாலு விஷயம். மேட்டூர் அணையை 1925இல் கட்டத் தொடங்கி 1934இல் முடித்தார்கள். அப்போது சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர் வைத்தார்கள். நீர்மட்டம் 120 அடி எட்டினால் அணை நிரம்பியது என்று அர்த்தம். அப்போது அதில் 93.47 டி.எம்.சி. தண்ணீர் நிற்கும். டெல்டா பாசனத்துக்கு ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். தண்ணீர் போதாத ஆண்டுகளில் தள்ளிப்போகும். இந்த நீருக்கு அடியில் பழைய ஊர்கள் இருக்கின்றன. மட்டம் நன்றாக இறங்கிய வருடங்களில் பண்ணவாடிப் பக்கம் பழைய நந்தியும் மாதா கோயில் கோபுரமும் வெளியே தெரியும். அதைப் பார்க்கப் போகிறவர்கள் காய்ந்த தரை என்று நம்பிச் சேற்றில் இறங்கிவிடக் கூடாது. மேலே பொருக்கு கட்டியிருக்கும். உள்ளே இடுப்பளவு வண்டல் இருக்கலாம்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். நம் ஊர்க் குளத்தின் மேடு பள்ளம் நமக்குத் தெரியும். ஆறும் அணையும் அப்படி இல்லை. கணுக்கால் அளவு இருக்கிற இடத்திலிருந்து இரண்டு எட்டு வைத்தால் கழுத்தளவாக இருக்கும். படிக்கட்டில் பாசி இருக்கும். அணைக்குக் கீழே ஆற்றில் தண்ணீர் கூடுவதும் குறைவதும் அங்கே பெய்கிற மழையைப் பொறுத்தது அல்ல. மேலே கர்நாடகத்தில் மழை கொட்டி, கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பினால், இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும். "நொடிக்கு பத்தாயிரம் கன அடி திறப்பு" என்று செய்தியில் கேட்கிறோமே, அது எவ்வளவு தெரியுமா? ஒரு கன அடி என்றால் ஏறக்குறைய 28 லிட்டர். பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் லாரிகள் இருபத்தெட்டை ஒரே நொடியில் கவிழ்த்தால் எவ்வளவோ, அவ்வளவு. 2018 ஆகஸ்டில் திறப்பு இரண்டு லட்சம் கன அடியைத் தொட்டது. ஆகவே புறப்படும் முன் அன்றைய திறப்பு எவ்வளவு, ஆற்றில் இறங்க அனுமதி உண்டா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். வெள்ள எச்சரிக்கை விட்டிருந்தால் பூங்காவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழுக்கு வேண்டுமென்றால் ஒதுக்கிவிட்ட படித்துறையில் மட்டும். வேலி தாண்டியும் மதகின் பக்கமும் போகக் கூடாது.

இதெல்லாம் பெரியவர்களுக்கு. குழந்தைகள் சாவதற்கு வெள்ளம் தேவை இல்லை. தவழ்கிற குழந்தைக்கு வீட்டில் இருக்கும் ஒரு பக்கெட் தண்ணீர் போதும். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். ஊசி போட்டுத் தடுக்க முடியாத சாவு இது. பெற்றவர்களின் கண்தான் தடுக்க வேண்டும்.

"எங்கள் பிள்ளை தண்ணீரில் விழுந்தால் கத்தமாட்டானா, எங்களுக்குக் கேட்காதா?" என்று கேட்பீர்கள். கேட்காது. சினிமாவில் காட்டுகிறபடி கையை ஆட்டி, "காப்பாத்துங்க" என்று கூவி மூழ்குவது நிஜத்தில் அபூர்வம். மூச்சுக்கே வழி இல்லாதபோது சத்தம் எங்கிருந்து வரும்? வாய் நீருக்கு மேலே ஒருகணம் வரும், உடனே கீழே போகும். கைகள் தானாகத் தண்ணீரை அழுத்தும். தூரத்தில் இருந்து பார்த்தால் பிள்ளை நின்று விளையாடுவது போலத்தான் இருக்கும். ஒரு நிமிடத்துக்குள்ளேயே முழுதாக முங்கிவிடலாம். மூச்சு நின்று நாலைந்து நிமிடம் போனால் மூளை கெட ஆரம்பித்துவிடும். நீங்கள் தூக்குப்போசியைத் திறந்து, இலை போட்டு, ஊறுகாயைத் தேடி எடுக்கிற நேரம் அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். யாருமில்லாத இடத்தில்தான் பிள்ளைகள் தண்ணீரில் விழும் என்று நினைக்கிறோம். சுற்றி எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும்போதும் நடக்கிறது. காரணம், எட்டுப் பேரில் ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேர் பார்க்கிறார்கள் என்று இருந்துவிடுகிறார்கள். அப்பா, "அவள் பார்த்துக்குவாள்" என்று செல்போனை எடுக்கிறார். அம்மா, "அவர்தான் பக்கத்தில் இருக்காரே" என்று இலை போடுகிறாள். பாட்டி, "அக்கா கூடத்தான் விளையாடறான்" என்கிறாள். அக்காவுக்கு வயது ஒன்பது. ஒன்பது வயதுப் பெண்ணிடம் மூன்று வயதுப் பிள்ளையைத் தண்ணீர்க்கரையில் ஒப்படைப்பது அவளுக்குச் செய்கிற கொடுமை. பிறகு ஏதாவது ஆனால் ஆயுசுக்கும் அந்தப் பாரத்தைச் சுமக்கப்போவது அந்தப் பெண்.

இதற்கு ஒரு வழி சொல்கிறோம், செலவில்லாதது. ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள், பளிச்சென்று கண்ணில் படுகிற நிறமாக இருக்கட்டும். தண்ணீர்க்கரையில் யார் தோளில் அந்தத் துண்டு கிடக்கிறதோ, அவர்தான் காவல். அவருக்கு அப்போது வேறு வேலை கிடையாது. சாப்பிடக் கூடாது, போன் பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துவிட்டால் எழுந்துபோய்க் குசலம் விசாரிக்கக் கூடாது. கண் பிள்ளை மேல். உடம்பு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையாக இருந்தால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். கால் மணியோ அரை மணியோ ஆனதும் ஆளை மாற்றுங்கள். மாற்றும்போது வாயால் சொல்ல வேண்டும்: "இந்தாங்க துண்டு, இனிமே நீங்க பாருங்க." மற்றவர் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, நான் பார்க்கிறேன்" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் இடத்தை விட்டு எழக் கூடாது. ஜாடை, கண் காட்டுதல் இதெல்லாம் உதவாது.

முதல் முறை அப்பாவே துண்டைப் போட்டுக்கொண்டால் நல்லது. அந்த அரை மணி நேரமாவது அம்மா காலை நீட்டி உட்காரட்டும். "ஆம்பிளை பிள்ளை பார்க்கிறதா" என்று யாராவது கேலி பேசினால் பேசிவிட்டுப் போகட்டும்.

குடித்திருப்பவர் தோளில் மட்டும் அந்தத் துண்டைப் போடாதீர்கள். அவர் தண்ணீரிலும் இறங்கக் கூடாது. நீச்சல் தெரிந்த ஆண்பிள்ளைகளே குடித்துவிட்டு இறங்கித் திரும்பாமல் போகிறார்கள். போதையில் ஆழமும் தூரமும் கண்ணுக்குத் தெரியாது, உடம்பும் சொன்னபடி கேட்காது. ஒரு நாளைக்குக் குடும்பத்தோடு போகிறோம், அன்றைக்காவது வேண்டாமே. வலிப்பு நோய் உள்ளவர்கள், மாத்திரை சாப்பிட்டுக் குணமாக இருந்தாலும், தனியாகத் தண்ணீரில் இறங்க வேண்டாம். கரையில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். பரிசலோ படகோ ஏறினால் எல்லோருக்கும் மிதவைச் சட்டை கொடுக்கிறார்களா என்று பாருங்கள். கொடுக்காவிட்டால் ஏறாதீர்கள். காற்றடைத்த டியூபையும் காலி பிளாஸ்டிக் குடத்தையும் நம்பிப் பிள்ளைகளை விட வேண்டாம். அது நழுவினால் பிள்ளை ஆழத்தில் தனியாக நிற்கும்.

அப்படியும் யாராவது தண்ணீரில் மாட்டிக்கொண்டால்? பெற்ற மனம் உடனே குதிக்கச் சொல்லும். நீச்சல் தெரியாதவர் குதித்தால் ஒன்றுக்கு இரண்டாகும். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போன செய்தியைப் பேப்பரில் நீங்களே படித்திருப்பீர்கள். முதலில் உரக்கக் கத்தி ஆளைக் கூப்பிடுங்கள். கரையில் படுத்துக்கொண்டு கம்போ மூங்கிலோ நீட்டுங்கள். எட்டாவிட்டால் சேலையை வீசுங்கள். ஒரு சேலை ஐந்து கஜத்துக்குக் குறையாது. இரண்டை முடிந்தால் நல்ல நீளக் கயிறு. மானம் பார்க்கிற நேரம் இல்லை, வேட்டியும் துண்டும் இதற்குத்தான். மூடி இறுக்கிய காலிக் குடம், காலி எண்ணெய் கேன், எது மிதக்குமோ அதை அவர் கைக்கு எட்டுகிறபடி எறியுங்கள். பிடித்துக்கொண்டால் பாதி ஆபத்து தீர்ந்தது.

கரைக்குக் கொண்டுவந்த பிறகு நம் ஜனங்கள் செய்கிற சிகிச்சை ஒன்று உண்டு. பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவார்கள், தோளில் போட்டு ஓடுவார்கள், குப்புறப் போட்டு வயிற்றை அமுக்குவார்கள். குடித்த தண்ணீரை வெளியேற்றுகிறோம் என்று நினைப்பு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வயிற்றில் உள்ளது வாந்தியாக வந்து மூச்சுக்குழாயில் இறங்கும். அதோடு, வீணாகிறது ஒவ்வொரு நொடியும். உயிர் போவது வயிற்றில் தண்ணீர் இருப்பதால் அல்ல, நுரையீரலுக்குக் காற்று போகாததால். ஆகவே தண்ணீரை எடுக்க வேண்டாம், காற்றைக் கொடுங்கள்.

கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஒருவர் 108க்குப் பேசட்டும். தமிழ்நாட்டில் 2008 முதல் ஓடுகிற இலவச ஆம்புலன்ஸ் அது. கூப்பிட்டுப் பார்த்து, அசைவும் மூச்சும் இல்லையென்றால், நெற்றியில் கை வைத்துத் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, தாடையை உயர்த்துங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து, நெஞ்சு உயருகிற அளவுக்கு இரண்டு முறை ஊதுங்கள். கைக்குழந்தையாக இருந்தால் உங்கள் வாயால் அதன் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி மெதுவாக ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அமுக்குங்கள். பெரியவருக்கு இரண்டு கையால், இரண்டு அங்குல ஆழம். பிள்ளைக்கு ஒரு கையால், நெஞ்சுக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. கைக்குழந்தைக்கு இரண்டு விரலால். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. மறுபடி இரண்டு ஊது, முப்பது அமுக்கு. ஆம்புலன்ஸ் வரும்வரை, அல்லது அவராக மூச்சுவிடும்வரை நிறுத்தக் கூடாது. ஆட்கள் மாறி மாறிச் செய்யலாம்.

பிள்ளை கண் திறந்து பேசிவிட்டாலும் ஆஸ்பத்திரியில் காட்டத்தான் வேண்டும். நுரையீரலில் புகுந்த தண்ணீர் சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத்திணறலைக் கொண்டுவரும்.

படித்து மட்டும் இது கைக்கு வராது என்று எங்களுக்கும் தெரியும். உங்கள் ஊர் சுகாதார செவிலியரிடம் சொல்லி, மகளிர் குழுவோ இளைஞர் மன்றமோ கூடுகிற நாளில் பொம்மை வைத்துச் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஜூலை 25 உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாள். ஐக்கிய நாடுகள் சபை 2021இல் அறிவித்தது. ஆடிப்பெருக்குக்கு ஒரு வாரம் முன்னால் வருகிறது, கேட்க நல்ல சமயம்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். புளிச்சோறு தாங்கும். தயிர்ச்சோற்றை மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். கோயிலில் கிடா வெட்டிச் சமைத்தால் சுடச்சுடச் சாப்பிடுங்கள்; மிச்சக் குழம்பைப் பாத்திரத்தோடு பஸ்ஸில் வைத்து ராத்திரிக்குக் கொண்டுவர வேண்டாம். அணை மீன் வறுவல் கடைகளைத் தாண்டிப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருவது கஷ்டம். வாங்கிக் கொடுங்கள், ஆனால் உங்கள் கண் முன்னால் எண்ணெயில் போட்டு எடுத்ததாக இருக்கட்டும். காலையில் பொரித்துத் தட்டில் அடுக்கி ஈ மொய்ப்பது வேண்டாம். குடிக்கக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். ஆற்றுத் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் அன்று ஆயிரக்கணக்கான பேர் முழுகிய தண்ணீர். சாப்பிடும் முன் கை கழுவ ஒரு துண்டுச் சோப்பு மறக்காதீர்கள்.

ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வெயில் என்றாலும் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர் வேண்டாம். கூச்சப்பட்டுப் பால் கொடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பஸ் நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறை வைத்திருக்கிறார்கள். பூங்காவில் ஒரு மரத்தடியும் வீட்டுக்காரர் பிடிக்கிற ஒரு துண்டும் போதும்.

கர்ப்பிணிப் பெண்கள் நடு மாதங்களில் தாராளமாகப் போய் வரலாம். பாசிப் படியில் இறங்க வேண்டாம். ஒன்பதாம் மாதமென்றால் பயணத்தை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். யார் போனாலும் தாய் சேய் நல அட்டை பையில் இருக்கட்டும்.

பொழுது இறங்கும் முன் கிளம்புங்கள். இருட்டில் தண்ணீர்க்கரையில் பிள்ளை தேடுவதைவிட பயங்கரம் கிடையாது. பஸ் ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம் தலை எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணி மூட்டையும் பாத்திரமும் வாசலில் கிடக்கும். அதில் பாதி அப்பாவுடைய பங்கு.

அடுத்த இரண்டு மூன்று நாளில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் பட்டினி போடாதீர்கள். தாய்ப்பாலும் வழக்கமான சாப்பாடும் தொடரட்டும். செவிலியரிடம் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இலவசமாகக் கிடைக்கும். ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைத்து, ஒவ்வொரு முறை போன பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பொட்டலம் கைக்கு வரும்வரை, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்துகொள்ளலாம். கண் குழிவிழுந்தாலோ, குடிக்க மாட்டேன் என்று துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள். ராத்திரியானால் 108.